இளவட்டக்கல் தூக்கப்போகும் மருமகனுக்கு

மாப்ளே, சட்டைக் கையை மேல மேல மடிச்சு விட்டுக்கிட்டு தெருவுல நடக்கிறியே, நல்லாத்தான் இருக்கு. வர்ற பொங்கலுக்கு இளவட்டக்கல்லைத் தோள்ல ஏத்தி முதுகுக்குப் பின்னாடி போடப்போறேன்னு டீக்கடையில சவால் விட்டியாமே? போடு. தாய்மாமன் நான் ஏன் தடுக்கப்போறேன்? பெரியாஸ்பத்திரி எலும்பு வார்டுல கட்டில் தள்ளி ரிட்டையர் ஆனவன் ஒருத்தன் குடும்பத்துல இருக்கையில, நீ கையை ஒடிச்சுக்காம இருந்தா என் அனுபவமெல்லாம் வீணாப் போயிரும். அதனால, தோளை எப்படி முறையாக் கெடுத்துக்கிறதுன்னு சொல்லித் தாரேன். எதையும் ஏனோதானோன்னு செய்யக் கூடாது பாரு.

முதல்ல, கெடுக்கப்போற பொருள் என்னன்னு தெரிஞ்சுக்கோ. தோளுங்கிறது 3 எலும்பு கூடுற இடம். கழுத்துக்குக் கீழ குறுக்க ஓடுறது காறை எலும்பு. பின்னாடி முதுகுல கிடக்கிறது தோள்பட்டை எலும்பு. மூணாவது மேல்கை எலும்பு; அதோட தலை உருண்டை. உன் கைக்கும் உடம்புக்கும் எலும்பு வழியா இருக்கிற ஒரே பந்தம், நெஞ்செலும்புல போய்ச் சேர்ற அந்தக் காறையோட நுனி மட்டுந்தான். தோள்பட்டை எலும்பு விலாவோட எந்த மூட்டாலயும் சேரலை. 17 தசை அதைப் பிடிச்சிருக்கு, அதனால நிக்குது.

இடுப்புல தொடை எலும்புத் தலை ஆழக் குழிக்குள்ள அடக்கமா உக்காந்திருக்கும். தோள்ல அந்த வசதி கிடையாது. இட்லித் தட்டுக் குழியில தேங்காயை வச்ச கதைதான். எந்த நேரத்துலயும் அந்த உருண்டையில மூணுல ஒரு பங்குக்கு மேல குழியைத் தொடுறதில்லை. விளிம்புல ஒரு குருத்து வளையம் கொஞ்சூண்டு கரை கட்டி வச்சிருக்கு. இவ்வளவு இளக்கமா இருக்கிறதாலதான் உன்னால கல்லெறிய முடியுது, முதுகு சொறிய முடியுது, டீக்கடையில கையை ஓங்கிச் சவால் விட முடியுது. எல்லாப் பக்கமும் திரும்புற உரிமையைக் கொடுத்த ஆண்டவன், பத்திரத்தைக் குறைச்சுட்டான்.

அப்ப உருண்டையைப் பிடிச்சு வைக்கிறது யாரு? நீ கண்ணாடி முன்னாடி முறுக்கிப் பார்க்கிற பைசெப்ஸா? இல்லை. மேல திரண்டு தெரியுதே டெல்டாய்ட், அதுவும் இல்லை. உள்ள 4 தசை இருக்கு. தோள்பட்டை எலும்போட முதுகுப் பக்கமிருந்து மூணும், விலாப் பக்கமிருந்து ஒண்ணும் வந்து உருண்டையைச் சுத்திப் பிடிக்குது. ரொட்டேட்டர் கஃப்னு டாக்டருங்க சொல்லுவாங்க. டெல்டாய்ட் கையை மேல இழுக்கிறப்போ, உருண்டை எகிறி எலும்புக் கூரையில இடிக்காம குழியிலயே அமுக்கி வைக்கிறது இந்த நாலுந்தான். வெளிய தெரியாது, போட்டோவுல விழாது. அதனால அதுக்கு நீ ஒரு பயிற்சியும் கொடுக்கலை. ரொம்பச் சரி, மாப்ளே. தோளைக் கெடுக்க முதல் படியே அதுதான். மாரும் புஜமும் மட்டும் வளரட்டும், பிடிச்சு வைக்கிறவன் பட்டினி கிடக்கட்டும்.

ரெண்டாவது வழி கபடி. பாடிப் போறவன் கையை விரிச்சு மேல தூக்கியிருக்கையில பின்பக்கமா இழுத்துப் பாரு, மூட்டு விலகிரும். உடம்புல இருக்கிற பெரிய மூட்டுகள்ல அதிகமா விலகுறது தோள்தான்; விலகினா நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல முன்பக்கமாத்தான் விலகும். உடனே கூட்டத்துல ஒருத்தன் வருவான், “நான் ஏத்தி விடுறேன்”னு. பேஷா விடு. உருண்டைக்குக் கொஞ்சம் கீழதான் டெல்டாய்டுக்குப் போற நரம்பு ஓடுது. அவன் இழுக்கிற இழுப்புல அதுவும் நசுங்கினா தோளோட வெளிப்பக்கம் மரத்துப்போகும், கையைத் தூக்கவும் முடியாது. கூடவே எலும்பு முறிஞ்சிருந்தா ரெட்டை லாபம்.

இதை ஏத்துறது ஒரு வித்தை, மாப்ளே. அக்குள்ல குதிகாலை வச்சுக் கையை இழுக்கிற முறையை 2,000 வருஷத்துக்கு முன்னாடியே கிரேக்கத்து ஹிப்போகிராட்டஸ் பேரால எழுதி வச்சிருக்காங்க. 1870ல சுவிட்சர்லாந்துக்காரர் தியோடர் கோக்கர், முழங்கையை மடக்கி வெளிய திருப்பி உள்ள கொண்டுவர்ற முறையை எழுதினார். அவருக்கு 1909ல நோபல் பரிசும் கிடைச்சது. ஆனா தோளுக்கு இல்லை, தைராய்டு வேலைக்கு. தோளை ஏத்தின கோக்கருக்கே அதுக்குப் பரிசு இல்லை, உன் கூட்டாளி எதுக்கு இந்தப் பாடு படுறான்னு கேளு. எக்ஸ்ரே எடுத்து, வலிக்கு மருந்து கொடுத்து, நரம்பு சரியா இருக்கான்னு பார்த்துட்டுத்தான் டாக்டர் தொடுவார். இளவயசுல ஒருக்கா விலகின தோள் திரும்பத் திரும்ப விலகும். அந்தக் குருத்து வளையம் பிஞ்சுபோறதுதான் காரணம். சிலருக்கு அதை ஆபரேஷன் பண்ணித் தைக்கத்தான் வேணும்.

மூணாவது, டீக்கடை மேசையில கை மடக்குற பந்தயம். எதிராளி ஒரு பக்கம் அமுக்க, நீ மறுபக்கம் தோளைத் திருப்ப, மேல்கை எலும்பு முறுக்கிக்கிட்டுப் படக்குன்னு ஒடியும். அடியும் இல்லை, விழவும் இல்லை, கை மட்டும் ஒடிஞ்சிருக்கும். அந்த எலும்போட முதுகை ஒட்டியே ஒரு நரம்பு சுத்தி இறங்குது; அது மாட்டினா மணிக்கட்டு தொங்கிப்போகும். அநேகமா மாசக் கணக்குல தேறி வரும்.

அவ்வளவு சிரமம் வேண்டாம்னா குடிச்சுட்டு வந்து நாற்காலி முதுகுல கையைத் தொங்கப் போட்டுத் தூங்கு. அதே நரம்பு ராத்திரி முழுக்க நசுங்கி, விடியக்காலையில மணிக்கட்டு தொங்கும். இங்கிலீஷ்காரன் இதுக்கு ‘சனிக்கிழமை ராத்திரி வாதம்’னு பேரு வச்சிருக்கான். நம்ம ஊர்ல கிழமை பார்க்கிறதில்லை.

உங்கப்பனைப் பத்தியும் சொல்லணும். மச்சானுக்குக் கையைப் பாதி தூக்கையில வலி, அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தா ராத்திரித் தூக்கம் இல்லை. நான் சொன்ன நாலுல, மேல கூரைக்கு அடியில போற தசையோட நாண் வயசாக வயசாக நைஞ்சு கிழியும். எல்லாக் கிழிசலும் வலிக்காது; எல்லாத்துக்கும் கத்தியும் தேவையில்லை. அது தெரியாம அவரு நெல்லு மூட்டையை ஒத்தையில தூக்கி ஆம்பளைன்னு காட்டப் பார்க்கிறாரு.

உங்கம்மாவுக்கு வேற கதை. சர்க்கரை இருக்கு, வயசு அம்பத்தஞ்சு, கொண்டை போடக் கை பின்னாடி போக மாட்டேங்குது. மூட்டைச் சுத்தின உறை தடிச்சு இறுகிப்போச்சு. பாஸ்டன்ல இருந்த கோட்மன்ங்கிற டாக்டர் 1934ல இதுக்கு ‘ஃப்ரோசன் ஷோல்டர்’னு பேரு போட்டார். 40லேருந்து 60 வயசுக்குள்ள, அதுலயும் சர்க்கரைக்காரங்களுக்கு அதிகம் வரும். வலிக்கும், இறுகும், அப்புறம் மெல்ல இளகும். அதுக்குள்ள ஒண்ணுலேருந்து மூணு வருஷம் போயிரும். சர்க்கரையை அடக்கி, பிசியோ சொல்றபடி தாங்குற அளவுக்குக் கையை ஆட்டணும்.

நம்ம சனங்க கெட்டிக்காரங்க, மாப்ளே. அசைக்கக் கூடாத ஒடிஞ்ச கையை எண்ணெய் போட்டு நீவுவாங்க. அசைக்க வேண்டிய இறுகின கையைத் துண்டுல கட்டித் தொங்கப் போடுவாங்க. பைக்குல விழுந்து காறை ஒடிஞ்சா பெரும்பாலும் கையைத் தூளியில போட்டாலே கூடிரும். அதுக்கும் மூங்கில் பத்தை வச்சு இறுக்குவாங்க. விரல் வீங்கி, கறுத்து, மரத்துப்போனா கட்டை அவிழ்த்துட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும். “மருந்து வேலை செய்யுது”ன்னு உக்காந்திருந்தா கையே போயிரும். இடது தோள் வலியோட வேர்வையும் நெஞ்சு இறுக்கமும் சேர்ந்து வந்தா அது தோளே இல்லை, இருதயம். அங்க எண்ணெய்க்கு வேலை கிடையாது.

கல்லுக்கு வாரேன். நெல்லைச் சீமை வடலிவிளையில பொங்கலுக்குப் பொம்பளைப் பிள்ளைகளும் இளவட்டக்கல் தூக்குதுக. அதுக புஜத்தை யாராச்சும் பாராட்டிக் கேட்டிருக்கியா? குந்தி, கட்டிப்பிடிச்சு, காலு பலத்துல தொடைக்கு ஏத்தி, மாரோட ஒட்டி, அப்புறந்தான் தோளுக்குக் கொண்டுபோகணும். தோள் கல்லை வாங்கிக்கிறதுதான், தூக்குறது காலும் இடுப்பும். நீ கால் பயிற்சி நாளெல்லாம் ஜிம்முக்கு லீவு விடுறதா உன் கூட்டாளியே சொன்னான்.

சரி, கிளம்பு. போகையில அந்தத் தண்ணிக் குடத்தை உள்ள வச்சுட்டுப் போ. முழங்காலை மடக்கி, உடம்போட ஒட்டித் தூக்கு. ஒத்தைக் கையில தூக்கிக் காட்டாதே. இங்க உன் அத்தையைத் தவிர பார்க்க ஆளில்லை, அவளும் கண்ணாடி போடலை.