ஆறாவது குரலின் ஊமைத்தனம்: கீழ்பென்னாத்தூர் நோக்கில் ஓர் ஆய்வு

ரோலண்ட் நிறுவனம் 1984இல் வெளியிட்ட ஜூனோ-106 சின்தசைசருக்குக் குரல்கள் ஆறு. குரலுக்கு ஒன்றாக 80017ஏ என்னும் சிப்பும் ஆறு. ஃபில்டரும் ஒலியளவும் அதன் பொறுப்பு. ஒன்று கெட்டால் கருவி சாவதில்லை. குரல்கள் முறைவைத்து வருவதால், அந்த முறை வரும் சாவி மட்டும் ஊமையாகிவிடும், அல்லது கரகரக்கும். ஆறாம் குரல் போன கருவியில் சங்கராபரணத்தின் ஆரோகணத்தை வாசித்தால் தைவதம் காணாமல் போய், ஏழு சுரச் சம்பூர்ணம் ஆறு சுர ஷாடவமாகிவிடும். 72 மேளகர்த்தாக்களில் இதற்கு இடம் கிடையாது. ஆகவே பழுதுபார்த்தல் சாஸ்திரப்படியும் கடமையாகிறது.

கோளாறு சிப்பில் இல்லை, அதன் சட்டையில்தான் என்பது இவ்வாய்வின் துணிபு. காப்பதற்கென்று பூசிய கறுப்பு எபாக்ஸி, வயதாக ஆக மின்சாரத்தைக் கசியவிடுகிறது. காவலாளே கன்னம் வைக்கிறான். சிப்பைக் கழற்றி அசிட்டோனில் ஓரிரு நாள் ஊறப்போட்டால் பூச்சு இளகி உரியும். துடைத்து, உலரவிட்டு, திரும்பப் பற்றவைத்தால் பெரும்பாலும் குரல் திரும்பிவிடும். இதைப் புரிந்துகொள்ளக் கீழ்பென்னாத்தூரைவிடத் தோதான இடம் இல்லை. அங்கே கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர் எவருக்கும், வார்னிஷ் போனால் மோட்டார் போயிற்று என்பது பாலபாடம். அவ்வூர் இருக்கும் திருவண்ணாமலை–செஞ்சி சாலையில் மோட்டார் பழுதாகிற அளவுக்கு சின்தசைசர் பழுதாவதில்லை என்பது உண்மைதான். அது தரவின் குறையே தவிரக் கோட்பாட்டின் குறையாகாது.

இது சீமைக்காரர் வியாதி, நமக்கெதற்கு என்பார் சிலர். மும்பையில் சரண்ஜித் சிங் 1982இலேயே ரோலண்ட் கருவிகளில் ராகங்களை வாசித்துப் பதிவுசெய்துவிட்டார். கருவி வந்த நாட்டுக்கு அதன் வியாதியும் வந்தே தீரும். சட்டையை உரித்தால் சிப் அம்மணமாகிவிடாதா என்பது அடுத்த ஆட்சேபம். பெட்டிக்குள் இருப்பதற்கு மானக்கேடு ஏது? புதுச் சிப்பே வாங்கலாமே என்பவர்களுக்கு மறுப்பில்லை, ஊறியும் பேசாத சிப்புக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் ஊறவைத்துப் பார்க்கும் முன்பே வாங்குவது ஆராய்ச்சியாகாது, கடைவீதி உலாத்தல். நகப்பூச்சு நீக்கி போதாதா என்போருக்கு ஒரு சொல்: அதில் பலவற்றில் தண்ணீரும் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும், சில வகைகளில் அசிட்டோனே இருக்காது. சுத்தமான அசிட்டோனை மூடியுள்ள கண்ணாடிச் சீசாவில் வைக்க வேண்டும். பக்கத்தில் பீடி பற்றவைப்பது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.