கரும்புகையின் காரணம்

கேள்வி: போஷ் எல்-ஜெட்ரானிக் இன்ஜெக்ஷன் பொருத்திய என் பழைய கார் கரும்புகை கக்குகிறது, பிளக்குகளெல்லாம் கரி. மெக்கானிக் கம்ப்யூட்டரை மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: விசாரணையே நடத்தாமல் தண்டனையா? எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தை ஒட்டியே நடக்க முயலும் அந்தக் கம்ப்யூட்டர், தன்னிடம் வந்து சேரும் செய்திகளை நம்பியே சகல காரியங்களையும் செய்கிறதாகையால், எஞ்சினைச் சுற்றிவரும் நீரின் உஷ்ணத்தை அறிவிக்கும் சென்சார் பொய் சொல்லுமானால், கொதிக்கும் எஞ்சினையும் குளிரில் நடுங்குவதாகவே எண்ணி, பிள்ளைக்குப் பசியென்று நினைத்த தாயைப்போல் மேலும் மேலும் பெட்ரோலை ஊட்டிக்கொண்டேயிருக்கும். 20 டிகிரி செல்சியஸில் சுமார் 2,500 ஓம் காட்டும் அந்தச் சென்சார், 80 டிகிரியில் சுமார் 300 ஓமுக்கு இறங்கவேண்டும். இறங்காவிட்டால் குற்றவாளி அகப்பட்டான். கம்ப்யூட்டரின் பிளக்கைக் கழற்றி அங்கிருந்தே அளப்பது உத்தமம். களிம்பேறிய ஒயரும் அதே பொய்யைச் சொல்லக்கூடியது. அங்கே குற்றமில்லையெனில், பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டரின் வாக்குவம் குழாயைக் கழற்றிப் பாருங்கள். அதனுள் பெட்ரோல் ஈரம் இருந்தால் உள்ளே டயாப்ரம் கிழிந்திருக்கிறது. எஞ்சின் ஆயிலில் பெட்ரோல் வாசனை வீசினால், பழுதைத் தீர்த்த கையோடு அதையும் மாற்றிவிடுங்கள். நீர்த்துப்போன ஆயில் பேரிங்குகளை ரட்சிக்காது.