இருக்கியா? இருக்கேன்!

ஆபீஸ் போன் வேலை செய்யவில்லை என்பதை யாரும் போன் பண்ணிச் சொல்ல முடியாது. போனைப் பராமரிக்கிற தொழிலின் முதல் சங்கடமே இதுதான். கரண்ட் போனால் ஃபேன் நிற்கும், உடனே கத்துவார்கள். போன் போனால் ஆபீஸ் அமைதியாகிவிடும். "இன்னைக்குத்தான் நிம்மதியா வேலை நடக்குது" என்று எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். சாயங்காலம் டீலர் ஒருவர் முதலாளியின் செல்லுக்கு அடித்து, "ஏனுங்க, கம்பெனிய மூடிட்டீங்களா?" என்று விசாரித்த பிறகுதான் என்னைத் தேடுவார்கள்.

கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கம்ப்யூட்டர், கேமரா, போன் என்று பச்சை லைட் எரிகிற சாமான் அத்தனையும் என் இலாகா. சித்திரை, வைகாசியில் கிணறு வற்ற வற்ற எங்களுக்கு ஆர்டர் ஊறும். அந்த நேரத்தில் போன் படுத்தால், கூப்பிட்டவர் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவார். இந்தப் பயம் பழைய பயம். அமெரிக்காவில் ஸ்ட்ரோஜர் என்று ஒருவர் இருந்தார். சவ அடக்க ஏற்பாடு செய்வது தொழில். தனக்கு வரவேண்டிய போன்களை ஆபரேட்டர் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறார் என்று சந்தேகப்பட்டுத்தான், ஆபரேட்டரே தேவைப்படாத தானியங்கி எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்தார் என்பார்கள். 1891-ல் காப்புரிமையும் வாங்கிவிட்டார். பிணத்துக்கே அந்தக் காலத்தில் அவ்வளவு போட்டி என்றால் பம்புக்குக் கேட்கவா வேண்டும்.

எங்களுக்கு இருந்தது ஒரு பிஆர்ஐ லைன். வினாடிக்கு 2.048 மெகாபிட், 32 ஸ்லாட். அதில் 0-வது ஸ்லாட் தாளம் பிசகாமல் பார்த்துக்கொள்ள, 16-வது யாரை யார் கூப்பிடுகிறார்கள் என்ற பஞ்சாயத்துக்கு. மீதி 30-ல் மனிதர்கள் பேசலாம். 32-க்கு 2 நிர்வாகச் செலவு என்பது நம் நாட்டு வழக்கத்துக்கு மிகக் குறைவு. அந்த லைனை ஆபீஸ் நெட்வொர்க்கோடு சேர்த்துவைக்கும் பெட்டிதான் கேட்வே. இரண்டாவது லைனும் இரண்டாவது கேட்வேயும் வாங்க வேண்டும் என்று முதலாளியிடம் போனேன்.

"ஏந் தம்பி, ஒண்ணு வேலை செய்யறப்ப இன்னொண்ணு என்ன பண்ணும்?"

"சும்மா இருக்குமுங்க."

"அதுக்கு மாச வாடகை வேற கட்டோணுமா? ரெண்டையும் வேலை வாங்கு."

வாங்கலாம். வேலையை இரண்டுக்கும் மாறி மாறிப் பிரித்துக் கொடுக்கலாம். ஆனால் இதில் 22 பேர், அதில் 20 பேர் பேசிக்கொண்டிருக்கும்போது ஒன்று விழுந்தால், 42 பேரும் 30 இடத்துக்கு முட்டி மோதுவார்கள். இதைச் சொன்னேன். முதலாளி கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்பறம் மூணாவதா ஒண்ணு வேணும்ப" என்றார். தீர்க்கதரிசி.

லைனை வேறு கம்பெனியிடம் வாங்கினால் பாதுகாப்பாயிற்றே என்று எல்லோருக்கும் தோன்றும். வெளியே போகிற போனுக்கு அது சரி. உள்ளே வருகிற போனுக்குச் சரிப்படாது. போர்டு நம்பர் எந்தக் கம்பெனியிடம் இருக்கிறதோ, அந்தக் கம்பெனியின் எக்ஸ்சேஞ்ச்தான் 'முதல் லைன் நிரம்பினால் இரண்டாவதில் தள்ளு' என்று ஹண்டிங் போட முடியும். அடுத்த கம்பெனியின் லைன் நம் சுவரிலேயே மாட்டியிருந்தாலும் அந்த நம்பரோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆகவே ஒரே கம்பெனியிடம் இரண்டு லைன் வாங்கினோம். பைபர் போட வந்தவர்கள் இரண்டையும் ஒரே குழியில் இறக்கப் பார்த்தார்கள். ஜேசிபிக்கு முதல் லைன், இரண்டாவது லைன் என்ற பாகுபாடெல்லாம் கிடையாது என்று சொல்லிப் பின் கேட் வழியாக வரவைப்பதற்குள் என் தொண்டை வறண்டது.

வெளியே போகிற போன் நம் கையில் இருப்பது. முதல் கேட்வேயைக் கேள், பதில் இல்லையென்றால் இரண்டாவதிடம் போ என்று எழுதிவைத்தால் முடிந்தது. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதில்தான் வேடிக்கை. இந்தப் பெட்டிகள் பேசுகிற சிப் என்ற மொழியின் இப்போதைய விதிகளை 2002-ல் வகுத்தார்கள். அதன்படி அரை நொடியில் பதில் வராவிட்டால் மறுபடி கேட்க வேண்டும். அப்புறம் ஒரு நொடி, இரண்டு நொடி, நான்கு நொடி என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போய், மொத்தம் 32 நொடி கழித்துத்தான் கைவிட வேண்டும். எழுதியவர்கள் பொறுமைசாலிகள். எங்கள் சேல்ஸ் மேனேஜர் அப்படியில்லை. ரிசீவரில் சத்தமே இல்லாமல் ஆறு நொடி போனால் "தம்பீ..." என்று எழுந்துவிடுவார். வைத்துவிட்டு மறுபடி அடிப்பார். மறுபடி முதல் கேட்வே, மறுபடி முதலிலிருந்து 32. மாற்றுப்பாதை திறக்கிற நேரத்தில் அதில் போக ஆளே இருக்கமாட்டார். இரண்டு முறை திருப்பிக் கேட்டால் போதும் என்று குறைத்ததில் மூன்றரை நொடியில் வழி மாறிவிடுகிறது. அவர் தொண்டையைக் கனைத்து முடிக்க அவ்வளவு நேரம் எப்படியும் ஆகும்.

எதிர்முனையில் இருப்பவர் வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தால் எக்ஸ்சேஞ்ச் 17 என்ற எண்ணை அனுப்பும். காலி சேனல் இல்லையென்றால் 34. பதினேழுக்கு வழி மாற்றக் கூடாது, முப்பத்துநாலுக்கு மாற்ற வேண்டும். டீலர் அவர் மாமியாரோடு பேசிக்கொண்டிருக்கும்போது எந்தக் கேட்வே வழியாகப் போனாலும் அவர் மாமியாரோடுதான் பேசிக்கொண்டிருப்பார்.

உள்ளே வருகிற போன்தான் உயிரை எடுக்கும். கேட்வே மொத்தமாகச் செத்தால் கவலையே இல்லை. லைன் இறங்குவது எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியும், அடுத்த லைனுக்குத் தள்ளிவிடும். சாகாமல் பாதி உயிரோடு இருப்பதுதான் ஆபத்து. ஆபீஸ் பக்கத்து லேன் கேபிள் கழன்றிருக்கும். எக்ஸ்சேஞ்ச் பக்கத்து லைன் ஜம்மென்று பச்சையாக எரியும். கல்யாண மண்டப வாசலில் நின்று வந்தவரையெல்லாம் வாங்க வாங்க என்று அழைத்துவிட்டு, பந்தி எங்கே நடக்கிறது என்று தெரியாமல் முழிக்கிற சித்தப்பாவைப் போல, வருகிற போனையெல்லாம் வாங்கிக்கொண்டு கேட்வே அங்கேயே நிற்கும். இரண்டாவது லைன் 30 சேனலும் காலியாக ஈ ஓட்டும். இதற்கு மருந்து, லேன் அறுந்தால் நீயாகவே லைனை பிஸி ஆக்கிக்கொள் என்று கேட்வேக்குக் கட்டளை எழுதிவைப்பது. இதை எந்த விற்பனைப் பிரதிநிதியும் தானாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

கேபிள் நன்றாக இருந்து, அதற்கப்பால் போன் சர்வர் படுத்திருந்தால்? அதற்காக கேட்வேயும் சர்வரும் ஒன்றையொன்று அடிக்கடி விசாரித்துக்கொள்ளும். இருக்கியா? இருக்கேன். 200 ஓகே என்று பதில் வரும். வந்துவிட்டால் நிம்மதி என்று நினைக்காதீர்கள். பிஆர்ஐ லைன் அறுந்து கிடந்தாலும் கேட்வே இந்தக் கேள்விக்கு ஓகே என்றே சொல்லக்கூடும். கேட்டது நீ இருக்கியா என்றுதானே, உன்னால் ஏதாவது பிரயோஜனம் உண்டா என்றா கேட்டோம்?

இந்த நலம் விசாரிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1990 ஜனவரி 15 சாட்சி. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் நியூயார்க் சுவிட்ச் ஒன்று கொஞ்சம் தடுமாறி, தானாகவே சரியாகி, 'நான் வந்துவிட்டேன்' என்று மற்றவற்றுக்குச் சேதி அனுப்பியது. அதை வாங்கிய சுவிட்சுகள், மென்பொருளில் இடம் மாறி உட்கார்ந்த ஒரே ஒரு 'பிரேக்' கட்டளையால் தடுமாறி விழுந்தன. எழுந்ததும் அவையும் 'நான் வந்துவிட்டேன்' என்று சொல்லின. 114 சுவிட்ச், ஒன்பது மணி நேரம், விழுவதும் எழுவதும் சொல்வதுமாக. பழுதிலிருந்து சீக்கிரம் மீள்வதற்காகச் செய்த திருத்தத்தில்தான் அந்தப் பழுதே இருந்தது.

உங்கள் ஆபீசிலும் இரண்டு கேட்வே இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பாருங்கள். பவரை அணைத்துப் பார்ப்பது சோதனையே அல்ல. அப்போது எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். முதல் கேட்வேயின் லேன் கேபிளை மட்டும் பிடுங்கிவிட்டு, வாசலுக்கு வந்து செல்போனில் உங்கள் போர்டு நம்பரை அடியுங்கள். "எல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சுங்க சார்" என்று கான்ட்ராக்டர் பில்லோடு வந்தால், எந்தக் கேபிளைப் பிடுங்கினீர்கள் என்று கேளுங்கள். பவர் கேபிள் என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.