பொருத்தம் பார்க்கிற தம்பி

அருப்புக்கோட்டையில் தறிச்சத்தம் கேட்கிற தெருவிலெல்லாம் ஒரு ‘சிஸ்டம் தம்பி’ இருப்பார். படித்தது பி.ஏ. வரலாறு. எக்ஸ்எல் வண்டியில் மாட்டிய மஞ்சப்பைக்குள் ஒரு ஸ்க்ரூ டிரைவர், நாலு கேபிள், சேலைக்கடை அட்டைப்பெட்டியில் அடுக்கிய பழைய சிடிகள். போன் போட்டால், “திருச்சுழி ரோட்டுல வந்துக்கிட்டிருக்கேண்ணே” என்பார். பின்னால் கடுகு தாளிக்கிற சத்தம் கேட்கும்.

எங்கள் வீட்டு சிஸ்டத்தில் விண்டோஸ் 7. மைக்ரோசாஃப்ட் அதைக் கைகழுவியது 2020 ஜனவரி 14இல். நாங்கள் இன்னும் கழுவவில்லை. சிட்டா எடுக்க ஒவ்வொரு தடவையும் பஜாருக்கு ஓடுகிறேனே என்று மச்சினன் சென்னையிலிருந்து புது லேசர் பிரிண்டர் வாங்கி அனுப்பிவிட்டான்.

பெட்டியைப் பிரிக்குமுன் தம்பி கேட்டார்: “சிஸ்டம் முப்பத்திரண்டு பிட்டா, அறுபத்துநாலாண்ணே?”

கல்யாணத் தரகர் நட்சத்திரம் கேட்கிற அதே குரல். வேலையும் அதேதான். பிரிண்டரை ஓட்டுகிற டிரைவர் மென்பொருளை முப்பத்திரண்டுக்கு எழுதியிருந்தால் அறுபத்துநாலு ஏற்காது. புது பிரிண்டருக்குப் பழைய விண்டோஸ் டிரைவரைக் கம்பெனி எழுதாமலே விட்டிருக்கவும் கூடும். கூடவே வந்த சிடியை நான் நீட்டினேன். தொடவில்லை. “அது மாப்பிள்ளை வீட்டார் குடுக்கிற ஜாதகம்ணே. எல்லாம் நல்லபடியாத்தான் எழுதியிருக்கும்.”

தன் பெட்டியிலிருந்து ஒன்றைப் போட்டார், ஏறவில்லை. இன்னொன்றும் ஏறவில்லை. மூன்றாவது ஏறியது. இடையில் மூன்று டீ. தேவையே இல்லாமல் டோனரைக் கழற்றி ஒரு குலுக்குக் குலுக்கியதில் கை இரண்டும் கறுத்துப்போக, அம்மா கேட்டாள்: “ஏய்யா, கரிமூட்டம் போட்டுட்டு நேரா வர்றியா?”

டெஸ்ட் பேஜ் வந்தது. “இதுல என்னய்யா எழுதியிருக்கு?”

“நல்லாருக்குன்னு எழுதியிருக்கும்மா.”

எவ்வளவு என்று கேட்டால், “குடுக்கிறதக் குடுங்கண்ணே.” கொடுத்ததை எண்ணிவிட்டு நகராமல் நிற்பார். இன்னும் ஐம்பது வைத்தால் வண்டி கிளம்பும்.

மூன்று வாரம் கழித்து பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்றது. ஆளாளுக்கு பிரிண்டை அழுத்தியதில் ஒரே சிட்டா பதினேழு தடவை ரேஷன் கடை வரிசைபோல் க்யூவில் நின்றது. மறுபடி திருச்சுழி ரோடு, மறுபடி தாளிப்புச் சத்தம். வந்தவர் வரிசையை நடத்துகிற ஸ்பூலரை நிறுத்தி, நின்றதையெல்லாம் துடைத்துவிட்டு, திரும்ப ஓடவிட்டார். பிறகுதான் பின்பக்கம் குனிந்து பார்த்தார். கூட்டிப் பெருக்கும்போது யாரோ கேபிளைப் பிடுங்கி வேறு யூஎஸ்பியில் சொருகியிருக்கிறார்கள். புதுத் துளையில் சொருகியதும் விண்டோஸ் அதே பிரிண்டரைப் புது ஆளாக நினைத்து, ‘காப்பி 1’ என்று இன்னொரு பெயர் போட்டு வைத்திருந்தது. நாங்கள் அழுத்தியதெல்லாம் பழைய பெயருக்கே போயிருக்கிறது.

தம்பி திட்டவில்லை. கேபிளைப் பழைய துளைக்கே மாற்றினார். சுவர்க் கண்ணாடியில் ஒட்டியிருந்த அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை உரித்து, அந்தத் துளைக்கு மேல்புறமாக அடையாளத்துக்கு ஒட்டிவிட்டுப் போனார்.

இந்த வித்தைக்கு அவர் காசு வாங்கவில்லை. உங்கள் வீட்டிலும் பழைய சிஸ்டம் இருந்தால், இன்றைக்கே ஒரு பொட்டு வைத்துவிடுங்கள்.