கட்டிலுக்கடியில் புது விருந்தாளி

அம்பாங் எஸ்பிசிஏ விலங்குக் காப்பகத்திலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடிக்கு ஒரு கூச்சப் பூனை வந்தால், மாப்பிள்ளை அழைப்பே நடத்திவிடுகிறோம். சித்தி, மாமா, பக்கத்து வீட்டு ஆன்ட்டி, வாட்ஸ்அப் படம் எல்லாம் உண்டு. பூனை மட்டும் கட்டிலுக்கடியில். "வாடா செல்லம்!" என்று தாத்தா துடைப்பத்தால் அன்பு செலுத்துகிறார்.

அது கேட்பதோ ஓர் அமைதியான அறை, மணல்தட்டு, தண்ணீர், ஒளிய ஓர் அட்டைப்பெட்டி. முறைத்துப் பார்க்காமல் கண்களை மெல்ல மூடித் திறந்தால் பூனை நெருங்கி வர வாய்ப்பு அதிகம் என்கிறது சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் 2020 ஆய்வு. ஆனால் அமைதியான அறை? கடைவீதிப் பாட்டும் மோனோரயிலும் இருக்க, பிரிக்ஃபீல்ட்ஸில் அது நமக்கே கிடைப்பதில்லை.

புது வீட்டுக்குப் பழகச் சில பூனைகளுக்குச் சில நாள் போதும், சிலவற்றுக்கு வாரக்கணக்காகும். ஆகவே கிள்ளான் உறவினர்களே, அடுத்த மாதம் வாருங்கள். முறுக்கை மட்டும் இப்போதே அனுப்பலாம்.