வில்லன் கோட்டைக்கு நான்தான் செக்யூரிட்டி ஆபீசர்

எனக்கு இரண்டு வேலை. வார நாட்களில் பார்ப்பது சம்பளத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை பார்ப்பது ஒரு கொடுங்கோலனுக்கு, சம்பளமில்லாமல். அவன் கோட்டையில் எந்த வாசலில் யாரை நிறுத்துவது, எந்தக் கதவுக்கு என்ன பூட்டு, ஓநாய்களை எங்கே கட்டுவது எல்லாம் என் பொறுப்பு. நான்கு பேர் வந்து உட்கார்ந்து அத்தனை காவலையும் உடைத்து, முடிந்தால் கொடுங்கோலனையும் தீர்த்துக்கட்டி, எங்கள் வீட்டு வாழைக்காய் பஜ்ஜியையும் காலி செய்துவிட்டுப் போவார்கள்.

விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளியிட்டது. காகிதம், பென்சில், இருபது முகப் பகடை, ஓயாத வாய், இவ்வளவுதான் மூலதனம். ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு வீரன். டன்ஜன் மாஸ்டர் என்கிற ஒருவர் மட்டும் மிச்ச உலகம் முழுவதும்.

எங்கள் குழுவில் ஆடிட்டர் ஒருவர், சத்தியம் தவறாத பாலடின். வங்கியில் வேலை பார்க்கும் தோழி, திருடி. வாரமெல்லாம் அடுத்தவர் பணத்தை எண்ணிக் கொடுத்த கைக்கு அது ஆறுதல் என்கிறாள். பள்ளி ஆசிரியர் ஒருவர் கோடரி தூக்கும் பார்பேரியன். திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்புக்குள் நுழையுமுன் அவர் யாரையாவது வெட்டியாக வேண்டும். நான்காவது என் அக்கா மகன், மந்திரவாதி. கோட்டை கட்டுகிற எவனுக்கும் முதல் எதிரி மந்திரவாதிதான். அவனிடம் பிறகு வருகிறேன்.

கோட்டைச் சண்டை என்றதும் பலரும் செய்வது, அறைக்கு ஐந்து ஓர்க் அரக்கர் என்று பங்கிட்டு வைப்பது. முதல் அறைக் கதவை உடைக்கிறார்கள். கூச்சல், இரும்போடு இரும்பு மோதும் சத்தம், ஒருவன் அம்மாவைக் கூப்பிட்டபடி சாகிறான். இருபது அடி தள்ளி அடுத்த அறையில் ஐந்து பேர் நிம்மதியாகச் சீட்டாடிக்கொண்டிருக்கிறார்கள். நம்பியாரின் அடியாட்கள்கூட எம்.ஜி.ஆரைச் சுற்றி நின்று தங்கள் முறைக்குக் காத்திருப்பார்களே தவிர, சத்தமே கேட்கவில்லை என்று பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்ததில்லை.

அதற்காக நாற்பது பேரையும் ஒரே நேரத்தில் இறக்கிவிடவும் முடியாது. இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொருவனும் அடிப்பான். எண்ணிக்கையே ஆளைக் கொன்றுவிடும். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் டன்ஜன் மாஸ்டர் கையேட்டில் இதற்கென்றே ஒரு பெருக்கல் கணக்கு இருந்தது. எதிரிகள் மூன்று முதல் ஆறு பேர் என்றால் சண்டையின் கனத்தை இரண்டால் பெருக்கு; பதினைந்தும் அதற்கு மேலும் என்றால் நான்கால். 2024 கையேட்டில் இதைத் தூக்கிவிட்டார்கள். ஆடிட்டர் இன்னும் துக்கத்திலிருந்து மீளவில்லை.

நான் நம்புவது கடிகாரத்தை. ஒரு சுற்று என்பது 6 விநாடி. சாதாரணச் சண்டை நாலு சுற்றில், அதாவது 24 விநாடியில் முடிந்துவிடும். விழுந்தடித்து ஓடுகிறவன் ஒரு சுற்றில் 60 அடி போவான். படைவீடு 120 அடி தள்ளி இருந்தால், மணி அடித்த இரண்டாம் சுற்றின் முடிவில் ஆள் வாசலுக்கு வந்துவிடலாம். ஆனால் முழு இரும்புக் கவசம் மாட்ட விதிப்படி 10 நிமிடம் ஆகும். தூங்கிக்கொண்டிருந்த தளபதி கவசத்தோடுதான் வருவேன் என்றால் பிணம் பொறுக்கத்தான் வரலாம். சண்டைக்கு வருவதானால் அரை நிஜாரோடு வாளைத் தூக்கிக்கொண்டு வரவேண்டியதுதான். என் தளபதி அப்படித்தான் வந்தார். எங்கள் மேசையில் கிராஃப் தாளின் ஒரு கட்டம் 5 அடி. காவலர்கள் புளியங்கொட்டை, வில்லாளிகள் சோழி, தளபதி என் மனைவியைக் கேட்காமல் எடுத்த குங்குமச் சிமிழ். நிஜாரைக் கேட்டு நால்வரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருக்கும்போதே, சிமிழ் பார்பேரியனை மாடிப்படியில் உருட்டிவிட்டது.

இப்போது அக்கா மகன். ஐந்தாம் லெவலில் மந்திரவாதிக்கு ஃபயர்பால் வந்துவிடுகிறது. 150 அடி தூரத்தில் நின்று வீசலாம். 40 அடி விட்டத்துக்குள் இருப்பவன் எல்லாம் கருகுவான். ஆறு முகப் பகடை எட்டை உருட்டினால் சராசரி சேதம் 28. 2014 புத்தகத்து ஓர்க்கின் உயிரோ 15. பாதிச் சேதத்தோடு தப்புகிறவனுக்கு மிஞ்சுவது ஒற்றைப் புள்ளி உயிரும் புருவமில்லாத முகமும். இப்படியொரு மந்திரம் புழங்கும் ஊரில் எந்த வில்லனாவது சபாமண்டபம் கட்டி, முப்பது பேரை வரிசையாக நிறுத்துவானா? “மாமா, எல்லாரும் கிட்டக் கிட்ட நிக்கிறாங்களா?” என்று அவன் அப்பாவியாகக் கேட்கும்போதே எனக்கு வயிறு கலங்கும். என் கோட்டைகளில் மண்டபமே கிடையாது. குறுகல் நடை, முக்குக்கு முக்கு திருப்பம், ஆளைப் பிரித்து நிறுத்தும் கதவுகள்.

கூட்டத்தை ஒரே இடத்தில் வைத்தும் பிழைக்கலாம் என்று காட்டியவர் கைகாக்ஸ். 1978இல் அவர் எழுதிய மலையரக்கர் தலைவன் மாளிகை என்கிற சாகசத்தில், தலைவனும் பெருங்கூட்டமும் பெரிய கூடத்தில் விருந்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நேரே உள்ளே போனால் சங்குதான். ஆனால் எல்லோரும் பந்தியில் இருப்பதால் மிச்ச மாளிகையைப் பூனை மாதிரி சுற்றி வரலாம். சண்டை எங்கே நடக்காது என்பதையும் யோசித்து வைத்த கை அது.

சின்ன ஆட்களை வைத்தே கோட்டை காக்கலாம் என்பதற்கு சாட்சி, 1987இல் டிராகன் இதழின் தலையங்கத்தில் ரோஜர் மூர் எழுதிய டக்கரின் கோபால்டுகள். கோபால்டு என்பது இந்த உலகின் கடைநிலைப் பூச்சி. டக்கர் என்கிற டன்ஜன் மாஸ்டரிடம் அவை பொந்துகளில் ஒளிந்து அம்பு விட்டு, தீ மூட்டி, புகை போட்டு, பெரிய பெரிய வீரர்களை ஓட ஓட விரட்டின. இதைப் படிக்காத டன்ஜன் மாஸ்டரிடம் நான் கோட்டைச் சாவியைக் கொடுக்க மாட்டேன்.

“அதெல்லாம் சரிப்பா, நாற்பது பேருக்குச் சோறு எங்கேர்ந்து வருது?” என்றார் ஆடிட்டர். நியாயமான கேள்வி. சமையலறை வரைந்தேன், கிணறு வரைந்தேன், கழிவுநீர்க் கால்வாய் வரைந்தேன். கால்வாய் வழியாகத் திருடி உள்ளே வந்து, மற்றவர்களுக்குப் பின்கதவைத் திறந்துவிட்டாள். அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்த ஹாப்காப்ளின் இனத்துச் சமையல்காரர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, “மூணு மாசமா கூலி வரலைங்க” என்றார். அவ்வளவுதான். பாலடின் வாளை உறையில் போட்டுவிட்டு நிலுவைக் கணக்கை எழுத ஆரம்பித்துவிட்டார். பகடையே உருளவில்லை. கணக்கு முடிந்தபோது கோட்டையின் முழு வரைபடமும் அவர்கள் கையில் இருந்தது.

வில்லனைக் காப்பதுதான் பெரும்பாடு. ஹோல்ட் பர்சன் என்று ஒரு சின்ன மந்திரம். சிக்கிய மனிதன் சிலையாவான். கிட்ட நின்று அடித்து அவன்மேல் படுகிற ஒவ்வொரு அடியும் கிரிட்டிக்கல், அதாவது சேதப் பகடை இரட்டிப்பு. பத்து வாரம் வசனம் எழுதி வளர்த்த வில்லன் வாய் திறக்குமுன் போய்ச் சேர்ந்துவிடுவான். எங்கோ ஒரு டன்ஜன் அறையில் காரணமே இல்லாமல் ஒரு வாம்பயர் உட்கார்ந்திருந்ததைக் கண்டு எரிச்சல்பட்ட டிரேசி ஹிக்மன், மனைவி லாராவோடு சேர்ந்து 1983இல் ரேவன்லாஃப்ட் என்கிற சாகசத்தைக் கொண்டுவந்தார். அதன் வாம்பயர் பிரபு ஸ்ட்ராட் ஒரே அறையில் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்க மாட்டான். அவனை எங்கே எதிர்கொள்வது என்பதைச் சீட்டுக் குறி தீர்மானிக்கும்.

என் வில்லனுக்கும் கால்கள் உண்டு. விதிப்படி 8 மணி நேரம் ஓய்வெடுத்தால் மந்திரவாதிக்குச் செலவான மந்திரம் எல்லாம் திரும்பிவிடும். அதனால் இரண்டே சண்டை முடிந்ததும் நால்வரும் தானியக் கிடங்கில் புகுந்து, கதவுக்கு மூட்டையை முட்டுக்கொடுத்துப் படுத்துவிட்டார்கள். வெளியே முப்பது ஓர்க் விழித்திருக்க, உள்ளே குறட்டை. காலையில் கதவைத் திறந்தால் கோட்டையில் ஈ காக்கை இல்லை. வில்லன், தளபதி, ஓநாய்கள், முக்கியமாகக் கஜானா, எல்லாம் இரவோடு இரவாகக் கிளம்பிப் போயிருந்தன. சமையல்காரர் மட்டும் நிலுவைக்காக உட்கார்ந்திருந்தார்.

“இது செல்லாது” என்றார் ஆடிட்டர். செல்லும் என்பது என் தீர்ப்பு. அப்பீல் அடுத்த ஞாயிறு, புதுக் கோட்டையில். குழுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது; வாள், வில், கோடரி, எதைத் தூக்கிக்கொண்டும் வாருங்கள், பஜ்ஜி உண்டு. மந்திரவாதி மட்டும் வேண்டாம்.