ஃபயர்மேன் ரோடு

சிங்கப்பூரின் பூன் லேயில் வளர்ந்த எங்களுக்கு இரண்டு பெயர்கள் நாவில் ஊறியவை. ஒன்று ஊரின் பெயர். அது ஒரு தோட்ட முதலாளியுடையது. சியூ பூன் லே 1852இல் பிறந்து 1933இல் மறைந்தவர். இந்தப் பக்கத்தில் தோட்டங்கள் வைத்திருந்தவர். இன்னொன்று, ஜாலான் பூன் லே தெற்கே போய்த் தொடுகிற பெரிய சாலையின் பெயர்: ஜாலான் அகமது இப்ராகிம். அந்தப் பலகையைப் பள்ளிக்கூட வேனிலிருந்து எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறோம். யார் அவர் என்று கேட்கத் தோன்றியதில்லை.

அப்பாவுக்குத் தெரியும். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர் அவர். 1971இல் வெள்ளைக்காரர்கள் கிளம்பிய பிறகு பிழைப்புத் தேடி, பூன் லே இருக்கும் இந்த ஜூரோங் பக்கம் வந்தோம். அந்தச் சாலையைக் கடக்கும்போதெல்லாம் அப்பா “நம்ம ஃபயர்மேன் ரோடு” என்பார். அதே தளத்தில் தீயணைப்பாளராக இருந்தவர் அகமது இப்ராகிம். தொழிற்சங்கத்தில் முன்னே நின்றவர். 1955 தேர்தலில் செம்பவாங்கில் சுயேச்சையாக வென்றார். பிறகு மக்கள் செயல் கட்சியில் சேர்ந்து 1959இல் சுகாதார அமைச்சர், 1961இல் தொழிலாளர் அமைச்சர். 1962 ஆகஸ்ட் 21ஆம் தேதி நோயில் இறந்தபோது வயது 35தான்.

பதினோரு நாள் கழித்து, செப்டம்பர் 1ஆம் தேதி, நிதி அமைச்சர் கோ கெங் சுவீ ஜூரோங்கில் தேசிய இரும்பு எஃகு ஆலைக்கு அடிக்கல் நாட்டினார். ஜூரோங் தொழிற்பேட்டையின் முதல் ஆலை அது. தொழிலாளியாக இருந்து அமைச்சரானவர் அந்தக் கல்லைப் பார்க்காமலே போய்விட்டார். ஆனால் ஆலைகளுக்கு நடுவே ஓடும் சாலைக்கு அவர் பெயர் வந்தது. இதைவிடப் பொருத்தமான நினைவுச் சின்னம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஜூரோங்குக்கு வந்த பிறகு அப்பா கப்பல் பட்டறைக்கு லாரியில்தான் போவார். மேலே கூரை கிடையாது. மழை பிடித்துக்கொண்டால் ஆளுக்கொரு மூலையாகத் தார்ப்பாயைப் பிடித்துக்கொள்வார்களாம். அம்மா கட்டிக்கொடுத்த சோற்றுப் பொட்டலம் சட்டைக்குள் பத்திரமாக இருக்கும். “உன் காலத்துல இந்த லாரி எல்லாம் இருக்காதுடா” என்று அடிக்கடி சொல்வார். உறுதியாக நம்பினார்.

1990இல் பூன் லேக்கு எம்ஆர்டி வந்தது. உணவங்காடியில் நாசி லெமாக்குக்கு வரிசை நிற்கிறது. அந்தக் காலத்துப் பட்டறைக்காரர்களின் பிள்ளைகளில் பலர் இன்று குளிரூட்டிய அலுவலகத்தில் இருக்கிறோம். லாரி மட்டும் போகவில்லை. விடியுமுன் துவாஸ் பக்கம் விரைகிற லாரிகளில் புதுக்கோட்டைத் தம்பிகளும் திருவாரூர்த் தம்பிகளும் வங்காளதேசத்துப் பிள்ளைகளும் தலை சாய்த்துத் தூங்குகிறார்கள். கூரை வந்துவிட்டது, இருக்கையும் வாரும் வரவில்லை. 2021 ஏப்ரலில் தீவு விரைவுச்சாலையில், 17 தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற லாரி நின்றிருந்த டிப்பர் லாரியில் மோதி இருவர் இறந்தார்கள். நாடாளுமன்றத்திலும் இதைப் பற்றிப் பேசினார்கள். ஆனாலும் ஆட்களை லாரியில் ஏற்றிச் செல்லச் சட்டம் இன்னும் அனுமதிக்கிறது. தொழிலாளர் அமைச்சர் பெயர் தாங்கிய சாலையிலேயே தொழிலாளி சரக்கோடு சரக்காகப் போவதை என்னால் சகிக்க முடியவில்லை.

தேக்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துவாஸில் வெல்டிங் வேலை பார்க்கும் தம்பியிடம் அந்தச் சாலையின் பெயரைச் சொல்லி, அது யாரென்று கேட்டேன்.

“ஏதோ ராஜா பேருன்னு நெனச்சேண்ணே.”

தீயணைப்பு வேலை பார்த்தவர் என்று சொன்னேன். “நம்மள மாதிரி ஆளா?” என்று இரண்டு முறை கேட்டார்.

தேசிய மரபுடைமைக் கழகம் 2015இல் ஜூரோங்குக்கு ஒரு மரபுடைமைப் பாதையே வகுத்தது. அந்தக் கழகத்திடம் ஒன்று கேட்கிறேன். ஜாலான் பூன் லே அந்தச் சாலையைத் தொடும் இடத்தில் ஒரு பலகை வையுங்கள். தீயணைப்பாளர், தொழிற்சங்கவாதி, தொழிலாளர் அமைச்சர் என்று மூன்றே வரி போதும். நான்கு அதிகாரத்துவ மொழிகளோடு வங்காள மொழியையும் சேருங்கள். ஓடும் லாரியிலிருந்து அதைப் படிக்க வேண்டியவர்கள் தொழிலாளர்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். ஆள் அனுப்பும் முதலாளிகளிடமும் கேட்கிறேன்: அந்தச் சாலையில் உங்கள் தொழிலாளர்களைப் பேருந்தில் அனுப்புங்கள்.